சந்தை முடிந்த ராத்திரி, பெஞ்சில் ஒரு பையன்: யாருக்குச் சொல்வது? அவன் எங்கே தூங்குவான்?

செவ்வாய்க்கிழமை ராத்திரி. மேலப்பாளையம் கால்நடைச் சந்தை முடிந்து, ஆடு ஏற்றிய கடைசி வண்டியும் கிளம்பிவிட்டது. கடையைச் சாத்தப் போன டீக்கடைக்காரர் அப்போதுதான் கவனிக்கிறார். பெஞ்சில் ஒரு பையன். 15 வயசு இருக்கலாம். மடியில் ஸ்கூல் பை. பகல் முழுக்க சந்தையில் ஆடு பிடித்துக் கொடுத்துக்கொண்டு திரிந்தவன்.

"ஏலே தம்பி, எந்த ஊரு?"

"தென்காசி பக்கம், பாய்."

"வீட்டுக்குப் போகலியா?"

பதில் இல்லை.

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் சந்தை, ரயில் நிலையம், பேருந்து நிலையம் உள்ள எந்த ஊரிலும் இது நடக்கக்கூடியது. மேலப்பாளையத்தில் சந்தை இருக்கிறது, நாகர்கோவில் பாதையில் ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது, பக்கத்திலேயே வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையமும் இருக்கிறது. அதனால் இந்தப் பையனையே கூட்டிக்கொண்டு இந்தக் கட்டுரை முழுக்கப் போவோம். அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

டீக்கடைக்காரர் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வோம்? ரெண்டு பரோட்டா வாங்கிக் கொடுத்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து "ஒழுங்கா வீடு போய்ச் சேரு" என்று அனுப்பிவைப்போம். இல்லையென்றால் தெரிந்தவர் நடத்தும் விடுதியிலோ இல்லத்திலோ கொண்டுபோய் விடுவோம். இப்போதெல்லாம் இன்னொன்றும் நடக்கிறது: போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. "இந்தப் பையன் மேலப்பாளையத்துல இருக்கான், பெற்றோருக்குத் தெரியும்வரை ஷேர் பண்ணுங்க."

எல்லாமே நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் அவன் ஏன் வீட்டைவிட்டு வந்தான் என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லை. அடிக்கு பயந்து ஓடி வந்தவனாக இருந்தால் பஸ் காசு அவனைத் திரும்ப அடிக்கே அனுப்பும். அந்த போட்டோ, அவன் யாரிடமிருந்து தப்பி வந்தானோ அவர் கைக்கே போய்ச் சேரலாம்.

முதல் போன் யாருக்கு?

1098. குழந்தைகள் உதவி எண். காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள். 1996-ல் மும்பையில் சிறிய முயற்சியாகத் தொடங்கிய இந்த சேவையை நெடுங்காலம் தொண்டு நிறுவனங்கள்தான் ஊர் ஊராக நடத்தின. 2023 முதல் அது அரசு அமைப்புக்குள் வந்து, 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டது. மாவட்ட அளவில் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு அதைப் பார்த்துக்கொள்கிறது. 1098 கிடைக்கவில்லையா? 112 அடிக்கலாம், பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் போகலாம். ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இது "முடிந்தால் செய்யுங்கள்" வகை விஷயம் இல்லை. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015, ஆதரவற்றோ காணாமல்போயோ நிற்கும் குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் எவரும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. 1098, காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்குச் சொன்னால் போதும். பதிவு பெற்ற குழந்தைகள் இல்லத்தில் நேரடியாக ஒப்படைக்கவும் செய்யலாம். "பதிவு பெற்ற" என்ற அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தின் கண்ணில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைதான். மீசை அரும்பிய 17 வயசுப் பையனைக் "குழந்தை" என்று சொன்னால் அவனே சிரிப்பான். ஆனால் அந்த வார்த்தைதான் அன்று ராத்திரி அவனைக் காப்பாற்றுகிறது. வீடும் இல்லை, நிலையான இருப்பிடமும் இல்லை, பிழைக்க வழியும் இல்லை என்று காணப்படும் 18 வயதுக்குட்பட்டவர், "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்ற பட்டியலில் முதலில் வருகிறார். அவர் குற்றவாளி இல்லை. லாக்கப்பில் வைக்கக் கூடாது.

வயசில் சந்தேகம் வந்தால்? முதலில் பள்ளிச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். ரெண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. நம் பையனின் ஸ்கூல் பையில் ஒரு நோட்டு இருந்தால், அதன் அட்டையில் இருக்கும் பள்ளிப் பெயரே பாதி வேலையை முடித்துவிடும்.

சரி, அன்று ராத்திரி எங்கே தூங்குவான்?

முடிவெடுக்க வேண்டியது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதில் குறைந்தது ஒருவர் பெண். மாதத்துக்குக் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு இருக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. ஆனால் பார்க்க கோர்ட் மாதிரி இருக்கக் கூடாது, பிள்ளைகள் பயப்படாத இடமாக இருக்க வேண்டும்.

பையனைக் கண்டுபிடித்ததிலிருந்து, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழு முன் நிறுத்த வேண்டும். போலீஸ்தான் கூட்டிப்போக வேண்டும் என்று இல்லை. சமூக ஆர்வலர், டாக்டர், நர்ஸ், ஆசிரியர் யார் வேண்டுமானாலும் போகலாம். ஏன், பையனே நேராகப் போய் நிற்கலாம். ராத்திரியில் குழு கூடியிருக்காதே? அதற்கும் வழி இருக்கிறது. ஒரே ஒரு உறுப்பினர் முன் ஆஜர்படுத்தினாலும் போதும். அவர் தற்காலிகமாகத் தங்க உத்தரவு போடலாம்.

தங்கும் இடங்களில் பல வகை. குழந்தைகள் இல்லம் என்பது பொதுவாக நாம் "ஹோம்" என்று சொல்வது. அரசும் நடத்துகிறது, தனியாரும் நடத்துகிறார்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக. இன்னொன்று திறந்தவெளிப் புகலிடம். பெயரைக் கேட்டு வெட்டவெளி என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் வாழும் பிள்ளைகள் வந்து தங்கி, குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவிலிருந்து விலகுவதற்கான குறுகிய காலத் தங்குமிடம் அது. 6 வயதுக்குட்பட்ட ஆதரவற்ற குழந்தை என்றால் சிறப்புத் தத்து மையம்.

இங்கே நெல்லைக்காரர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம். பாளையங்கோட்டையில் இருப்பது அரசு கூர்நோக்கு இல்லம். அது சட்டத்தோடு முரண்பட்டதாகச் சொல்லப்படும் சிறார்களை, இளைஞர் நீதிக் குழுமத்தின் விசாரணை முடியும்வரை வைக்கும் இடம். வீடில்லாமல் நிற்கும் நம் பையனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதே மாதிரி, நகரங்களில் வீடற்றோருக்காக இருக்கும் இரவுத் தங்குமிடங்கள் பெரியவர்களுக்கானவை. தனியாக வந்த 15 வயசுப் பையனை அங்கே ஓர் ஓரத்தில் படுக்கவைப்பது தீர்வு இல்லை.

"நானே வீட்ல வச்சுப் பார்த்துக்கிறேனே?" என்று டீக்கடை பாய் கேட்டால்? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டியது குழுவிடம். விசாரித்து, அவரைத் "தகுதியுள்ள நபர்" என்று குழு ஏற்றுக்கொண்டால், குறிப்பிட்ட காலத்துக்குப் பையன் அவர் வீட்டிலேயே இருக்கலாம். சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. இன்றைக்கு இரக்கத்தில் வைத்துக்கொண்ட பையன் நாளைக்கு அதே கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருப்பான். கேட்டால் "சொந்தப் புள்ள மாதிரி" என்பார்கள். அந்த "மாதிரி"யை யாரும் வந்து சரிபார்ப்பதில்லை.

தற்காலிகம் என்றால் எத்தனை நாள்?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. அன்றைய ராத்திரிக்கு ஒரு கட்டில் கிடைப்பது முக்கியம்தான். ஆனால் அந்தக் கட்டிலோடு ஒரு கடிகாரமும் ஓட ஆரம்பிக்கிறது. அது ஓடுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

குழு விசாரணைக்கு உத்தரவிட்டதும், சமூகப் பணியாளர் ஒருவர் பையனின் ஊருக்குப் போகிறார். வீட்டில் யார் இருக்கிறார்கள், அப்பா குடிக்கிறாரா, அம்மா எங்கே, பள்ளிக்கூடம் ஏன் நின்றது, ஆச்சி வீடு பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்து எழுதுகிறார். இந்தச் சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். முதல்முறை ஆஜர்படுத்திய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் குழு இறுதி உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவுக்குக் குறைந்தது 3 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். எத்தனை வழக்கு முடிந்தது, எத்தனை நிலுவை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியருக்கு அறிக்கை போக வேண்டும். 2021-ல் வந்த திருத்தம் ஆட்சியரின் பங்கைக் கூட்டியது. குழுவின் செயல்பாடு பற்றிய புகார்களையும் அவரிடமே கொண்டுபோகலாம். நமக்கு அது ஆற்றங்கரையில் இருக்கும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம்.

இந்த நான்கு மாதமும் பையன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மருத்துவப் பரிசோதனை, ஆலோசனை, பள்ளி எல்லாம் நடக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். அவன் என்ன சொல்கிறான் என்பதை, அவன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப, கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் ஓடி வந்த ஒரு பையன் முதல் வாரத்தில் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஊரை மாற்றிச் சொல்லலாம். அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லலாம். பதினைந்து நாளில் அறிக்கை எழுத வேண்டியவர், அதைவிட மெதுவாகத் திறக்கும் ஒரு மனசோடு உட்கார்ந்திருக்கிறார். இந்த வேலையின் உண்மையான கஷ்டம் அதுதான்.

கடைசி உத்தரவில் என்னவெல்லாம் வரலாம்? வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், கண்காணிப்போடு. தாத்தா பாட்டி, மாமா, சித்தி வீட்டில் விடலாம். நிதி ஆதரவு கொடுக்கச் சொல்லலாம். வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கலாம். எதுவுமே முடியாவிட்டால் குழந்தைகள் இல்லத்தில் தொடரலாம். சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று: இல்லம் என்பது கடைசி வழி.

இல்லங்களின் மண்ணில் "இல்லம் கடைசி வழி"

நெல்லைக்கு இது கொஞ்சம் புதிதாகக் கேட்கும். இந்த மண்ணில் ஆதரவற்ற பிள்ளை என்றாலே இல்லம்தான் நினைவுக்கு வரும். 1901-ல் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினார். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் ஆபத்தில் இருந்த பெண் குழந்தைகளில் ஆரம்பித்து, ஒரு பெரிய குடும்பம் மாதிரி அது வளர்ந்தது. அவரைப் பிள்ளைகள் "அம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். திருச்சபைகளும் ஜமாத்துகளும் மடங்களும் இந்த வட்டாரத்தில் பிள்ளைகளை வைத்து வளர்த்த மரபு நீளமானது. அந்தக் கால இல்லங்களில் "தற்காலிகம்" என்ற எண்ணமே கிடையாது. சேர்ந்தால் அங்கேயே வளர்ந்து, படித்து, கல்யாணம் முடிந்துதான் வெளியே வருவார்கள். சட்டமும் பழையதுதான். இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் 1920-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது.

அந்த இல்லங்களை இன்றைய அளவுகோலால் குறை சொல்வது சுலபம். அவை இல்லாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது: வீட்டில் கஷ்டமா, பிள்ளையை ஹோமில் சேர்த்துவிடு.

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் குழு 2018-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாடு முழுக்க 9,589 இல்லங்கள் இருந்தன. அதிக இல்லங்கள் இருந்த மாநிலம் தமிழ்நாடு. இங்கே ஆதரவற்ற பிள்ளைகள்தான் அதிகமா? அதற்கான பதில் கொரோனா காலத்தில் கொஞ்சம் தெரிந்தது. 2020 ஜூனில் சென்னை ராயபுரம் அரசு இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குத் தொற்று வந்ததும், உச்ச நீதிமன்றம் தானாக எடுத்திருந்த வழக்கில் விளக்கம் கேட்டது. அதே வழக்கில் அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு கணக்கு வந்தது. நாடு முழுக்க இல்லங்களில் இருந்த 2,27,518 பிள்ளைகளில் 1,45,788 பேர் குடும்பத்துக்கோ பாதுகாவலரிடமோ அனுப்பப்பட்டிருந்தார்கள்.

இன்னொரு தடவை படியுங்கள். மூன்றில் இரண்டு பேருக்குக் கிட்டத்தட்ட, போக ஒரு வீடு இருந்தது. எல்லா வீடும் பாதுகாப்பான வீடு என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான "அனாதை"களுக்கு யாரோ ஒருவர் இருக்கிறார். இல்லாதது காசு.

பீடி சுற்றும் ஓர் அம்மாவுக்கு என்ன வழி?

மேலப்பாளையத்தில் வீட்டுத் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. அப்படி ஒருவரை நினைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. மூத்தவன் எட்டாவதோடு நின்றுவிட்டான். "எங்கயாச்சும் ஹோம்ல சேர்த்துவிட்டா மூணு வேளை சாப்பாடாச்சும் கிடைக்கும்" என்கிறார். அவர் பாசம் இல்லாதவர் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

அந்தக் கணக்கை மாற்றத்தான் நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா வழியாக, குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த, கைவிடப்பட்ட, விவாகரத்தான தாயின் குழந்தை, பெற்றோரை இழந்து உறவினரோடு வாழும் குழந்தை, பெற்றோருக்குத் தீராத நோய் உள்ள குழந்தை ஆகியோர் இதில் வருவார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. மாநில அரசு 2025 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் தனி. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருப்பவர்களும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் பெறலாம். முதல்கட்டத்தில் 6,082 பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். இரண்டுக்கும் விசாரிக்க வேண்டிய இடம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

இதை அந்தத் திண்ணையில் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், ஜமாத்தில் ஒருவர், பீடிக் கம்பெனிக்குக் கட்டு எடுத்துப்போகும் ஆள் என்று யாராவது. போனில் இதைப் படிக்கும் நீங்களாகவும் இருக்கலாம்.

"பதிவு பெற்ற இல்லம்" என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம்?

மாமல்லபுரத்தில் ஓர் இல்லத்தில் பிள்ளைகள் சுரண்டப்படுவதாக வந்த செய்தியை வைத்து 2007-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. பத்து வருஷம் கழித்து, 2017 மே 5-ல் தீர்ப்பு வந்தது. நாட்டில் உள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. வழக்கின் பெயரிலேயே "தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது" என்று இருக்கிறது. நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகும் நடந்தது. 2021-ல் மதுரையில் ஓர் அறக்கட்டளை நடத்திய காப்பகத்தில் கொரோனாவில் இறந்துவிட்டதாகக் கணக்குக் காட்டப்பட்ட ஒரு வயதுக் குழந்தை, விற்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2022 அக்டோபரில் திருப்பூர் திருமுருகன்பூண்டியில் ஒரு தனியார் காப்பகத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 3 சிறுவர்கள் இறந்தார்கள். காப்பகத்தை மூட அரசு உத்தரவிட்டது. தாமதமாகத்தான் நடவடிக்கை வருகிறது என்ற கோபம் நியாயமானது. சட்டப்படி, ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வோர் இல்லத்துக்கும் போக வேண்டும். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும். பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பதிவு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இல்லை. ஆனால் பதிவு இல்லாத இடத்தில் ஒரு பையன் இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரியாத பையனுக்கு 15 நாளும் கிடையாது, 4 மாதமும் கிடையாது.

பணக்கார நாடுகளும் இதில் தடுமாறுகின்றன. அமெரிக்காவின் டெக்சாஸில் 2021 வாக்கில், இடம் கிடைக்காத பிள்ளைகள் குழந்தைகள் நலத் துறை அலுவலகங்களிலும் ஓட்டல் அறைகளிலும் தூங்கவைக்கப்பட்டார்கள். இங்கிலாந்தில் கண்காணிப்புக்கு உட்படாத தங்குமிடங்களில் 16 வயதுக்குட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்று 2021 செப்டம்பரில்தான் தடை வந்தது. 16, 17 வயசுக்காரர்கள் அந்தத் தடையில் சேர்க்கப்படவில்லை. "பெரிய பையன்தானே, சமாளிச்சுக்குவான்" என்ற நினைப்பு அங்கேயும் உண்டு.

அந்த வாட்ஸ்அப் போட்டோ

இப்போது பெயர் விஷயத்துக்கு வருவோம். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, போட்டோ என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது சட்டத்தின் 74-வது பிரிவு. பத்திரிகை, டிவி மட்டும் இல்லை. வேறு எந்தத் தகவல் தொடர்பு வடிவத்துக்கும் இது பொருந்தும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட ஃபார்வர்டு, பையன் திரும்பப் பள்ளிக்குப் போன பிறகும் ஆறு மாசம் குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும். "ஏலே, நீதானே அந்த வீடியோல வந்தவன்?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டால் போதும், அவன் மறுபடி ஓடுவான். போட்டோ எடுத்திருந்தால் 1098-லிருந்து வருபவரிடமோ போலீசிடமோ காட்டுங்கள். அதோடு அழித்துவிடுங்கள்.

18-வது பிறந்தநாளில் என்ன நடக்கும்?

நம் பையன் 15 என்பதால் அவனுக்கு நேரம் இருக்கிறது. 17 வயது 10 மாதத்தில் வந்து நிற்பவனை நினைத்துப் பாருங்கள். நான்கு மாத விசாரணை முடிவதற்குள் அவன் சட்டப்படி பெரியவன் ஆகிவிடுவான். சிறுவயதிலிருந்தே இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கும் இதே நாள்தான் இடி. முதல் நாள் வரை மணி அடித்தால் சாப்பாடு. மறுநாள் வாடகை, அட்வான்ஸ், ஆதார் முகவரி, "அப்பா பேர் என்ன, யார் ஜாமீன்?" என்று கேட்கும் வீட்டுக்காரர்.

இதற்குத்தான் பிற்காப்பு இருக்கிறது. இல்லத்திலிருந்து வெளியேறுபவருக்கு 21 வயது வரை, தேவைப்பட்டால் மேலும் 2 ஆண்டு நீட்டி 23 வரை உதவி தொடரலாம். ஆறு முதல் எட்டு பேர் சேர்ந்து தங்கும் தற்காலிக வீடு, தொழிற்பயிற்சி, அந்தக் காலத்தில் உதவித்தொகை, வேலை தேட உதவி ஆகியவை இதில் அடங்கும். மிஷன் வாத்சல்யாவில் இவர்களுக்கும் மாதம் 4,000 ரூபாய்க்கு இடம் இருக்கிறது. வெளியே போவதற்கு 2 மாதம் முன்பே, அவர் எங்கே தங்குவார், என்ன செய்வார் என்ற திட்டத்தைக் குழுவிடம் கொடுக்க வேண்டும்.

ஆனால் சட்ட வாசகத்தைக் கவனமாகப் படித்தால் ஒரு சின்ன வார்த்தை உறுத்துகிறது. 24 மணி நேரம், 15 நாள், 4 மாதம் என்று வரும் இடங்களில் எல்லாம் "வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. 18 வயதில் வெளியேறுபவருக்கு நிதி உதவி "வழங்கலாம்" என்று எழுதியிருக்கிறது.

அதனால் உங்களுக்குத் தெரிந்து யாராவது இல்லத்தில் இருந்து, அவருக்கு 17 முடிந்திருந்தால், பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டாம். பிற்காப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா, வெளியேறும் திட்டம் குழுவுக்குப் போயிற்றா என்று இல்லத்திலும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் இப்போதே கேளுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் அவர் பெயரில், அவர் கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.